கொள்ளை நோயும் வண்டித் தொழிலாளியும்

(மோட்டார், ரயில்வே தொழிலாளர் கூட்டம் ஒன்றில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம், கொள்ளை நோய் வந்த காலத்தில் வண்டி ஓட்டிப் பிழைக்கும் தொழிலாளியின் கதி என்ன ஆயிற்று, அதனால் நாட்டின் பொருளாதாரம் என்ன ஆயிற்று என்பதாகும். இது வைத்தியர்கள் பேச வேண்டிய விஷயம் என்று சிலரும், பொருளாதாரப் பண்டிதர்கள் பேச வேண்டிய விஷயம் என்று சிலரும் நினைக்கக் கூடும். வைத்தியர் கிருமியைப் பற்றிச் சொல்லுவார்; பண்டிதர் கணக்கைப் பற்றிச் சொல்லுவார். கிருமிக்கும் கணக்குக்கும் நடுவில் ஸ்டியரிங்கைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதனைப் பற்றி யார் சொல்லுவது? அவனைப் பற்றிச் சொல்லவே நாம் இங்கு வந்திருக்கிறோம்.

நாம் சொல்லுவதை எல்லாம் அப்படியே ஏற்றுக் கொள்ளுங்கள் என்று கேட்கவில்லை. உங்கள் சொந்த அறிவைக் கொண்டு ஆலோசித்துப் பாருங்கள். சரி என்று பட்டதை எடுத்துக் கொண்டு மற்றதைத் தள்ளி விடுங்கள்.

நோய் எப்படி வருகிறது?

முன் காலத்தில் கொள்ளை நோய் வந்தால் சாமி கோபம் என்றார்கள். ஊர் செய்த பாவம் என்றார்கள். கூழ் ஊற்றினார்கள், கிடா வெட்டினார்கள். சாமி கோபித்துக் கொண்டு அனுப்பிய நோயானால் அது துறைமுகம் துறைமுகமாகவும், ரயில் ஸ்டேஷன் ஸ்டேஷனாகவும் வருவானேன்? 1896-ல் பிளேக் பம்பாய்த் துறைமுகத்தில் தலை காட்டிற்று. பிறகுதான் உள்நாட்டுக்குப் பரவிற்று. 1918-ல் வந்த விஷ ஜுரமும் கப்பல் வழியாகப் பம்பாயில் இறங்கி, ரயில் பாதையைப் பிடித்துக் கொண்டு நாடெங்கும் போயிற்று. அந்த ஒரு ஜுரத்தில் இந்தியாவில் மாத்திரம் ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் மாண்டார்கள். வண்டி போகிற வழியில்தான் வியாதியும் போகிறது. இதில் தெய்வீகம் ஒன்றும் கிடையாது, மனிதன் மூச்சு விடுகிறான், இருமுகிறான், பக்கத்தில் இருப்பவனுக்குத் தொத்துகிறது, அவன் வண்டி ஏறிப் போகிறான், அவ்வளவுதான் சங்கதி.

இதை ஐரோப்பாவிலே வெகு காலத்துக்கு முன்பே கண்டு கொண்டார்கள். 1377-ல் ராகூசா என்னும் துறைமுகப் பட்டணத்தார், பிளேக் உள்ள இடங்களிலிருந்து வருகிறவர்கள் 30 நாள் வெளியே தங்கி இருந்த பின்தான் ஊருக்குள் வரலாம் என்று சட்டம் செய்தார்கள். பின்னால் அது 40 நாள் ஆயிற்று. நம் தமிழ் மக்களுக்கும் இந்த அனுபவம் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களை மண்டபம் முகாமிலே அடைத்து வைத்து, சோதித்துத்தான் கப்பலேற்றினார்கள். சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் போனவர்களைத் தீவுகளிலே இறக்கி வைத்தார்கள். மேல் வகுப்புச் சீட்டு வாங்கிப் போன கனவான்களுக்கு ஒரு மாதிரியும், கூலிக்காரனுக்கு ஒரு மாதிரியுமாகவே அந்தச் சோதனை நடந்தது. கிருமிக்கு வகுப்பு வித்தியாசம் தெரியாது. சோதனை போட்டவர்களுக்கு மாத்திரம் அது நன்றாய்த் தெரிந்திருந்தது.

நாலு மணி நேரத்தில் நின்ற நாடு

இனி நாம் எல்லோரும் கண்ணால் கண்ட விஷயத்துக்கு வருவோம். 2020-ம் வருஷம் மார்ச் மாதம் 24-ந் தேதி இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். அன்று நடு இரவு முதல் 21 நாளைக்கு நாடு முழுவதும் ஊரடங்கு என்றார். சொன்னதற்கும் அமலுக்கு வந்ததற்கும் நடுவே இருந்தது நாலு மணி நேரம். பிரயாணி ரயில்கள் அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே நிறுத்தப்பட்டு விட்டன. 1853-ல் பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் பிரயாணி வண்டி ஓடியது முதல், இரண்டு உலக யுத்தங்களின் போதுங்கூட, நாடு முழுவதும் பிரயாணி ரயில் இப்படி ஒரே அடியாக நின்றது கிடையாது.

ஊரடங்கே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. மருந்தும் தடுப்பு ஊசியும் இல்லாத ஒரு தொத்து வியாதி வந்தால் மனிதர் சிறிது காலம் விலகி நிற்பது அறிவுக்குப் பொருத்தமான காரியந்தான். ஆனால் அந்தக் காரியத்தின் செலவை யார் கொடுத்தார்கள் என்பதுதான் நமது கேள்வி. வீட்டில் இருந்து கொண்டே வேலை பார்த்து மாதச் சம்பளம் வாங்கினவர்கள் கொடுத்தார்களா? பாங்கியில் பணம் போட்டிருந்தவர்கள் கொடுத்தார்களா? அன்றாடம் சக்கரம் சுற்றினால்தான் அடுப்பு எரியும் என்றிருந்தவன் கொடுத்தான். ஆட்டோ ஓட்டினவன் கொடுத்தான். தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து நாட்கூலி வாங்கினவன் கொடுத்தான். ரயிலடியில் மூட்டை தூக்கினவன் கொடுத்தான்.

லாரிக்காரன் கதையைப் பாருங்கள். முதலில் அத்தியாவசியச் சாமான் ஏற்றிய லாரி மாத்திரம் போகலாம் என்றார்கள். அரிசி அத்தியாவசியம், சரி. அரிசி மூட்டை கட்டுகிற சாக்கு அத்தியாவசியமா அல்லவா? மருந்து அத்தியாவசியம், மருந்துப் புட்டி? முட்டை அத்தியாவசியம், கோழித் தீவனம்? இந்த வேதாந்த விசாரத்தை எல்லாம் வெய்யிலில் நின்று கொண்டிருந்த போலீஸ்காரர் தீர்க்க வேண்டியதாய்ப் போயிற்று. மார்ச் 29-ந் தேதிதான், எல்லாச் சாமான்களும் போகலாம் என்று மத்திய சர்க்கார் மாகாணங்களுக்கு எழுதிற்று. அதற்குள் எத்தனையோ லாரிகள் நடு வழியில் நின்று போயின. இறக்கி வைக்கக் கிடங்கு திறக்கவில்லை. திரும்பி வர லோடு இல்லை. ரோட்டோரத்துச் சாப்பாட்டுக் கடைகள் மூடிக் கிடந்தன; பஞ்சர் ஒட்டுகிற கடையும் மூடிக் கிடந்தது. அவை திறக்கலாம் என்று சர்க்கார் விதி வெளியாகி அமலுக்கு வர ஏப்ரல் மாதம் நடுப்பகுதி ஆயிற்று. நாமக்கல்லிலிருந்தோ, சங்ககிரியிலிருந்தோ புறப்பட்டு வடநாட்டு ரோட்டில் மாட்டிக் கொண்ட டிரைவர், பாஷை தெரியாத ஊரில் லாரிக்கு அடியில் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்ச வேண்டியதாயிற்று. நாட்டுக்குச் சாப்பாடு கொண்டு போனவனுக்குச் சாப்பாடு இல்லை என்றால் இந்த ஏற்பாட்டுக்கு என்ன பெயர் சொல்லுவது?

ஓட்டுகிறவன் மீது பழி

இது ஒருபுறமிருக்க, இன்னொரு கொடுமையைச் சொல்ல வேண்டும். வண்டி வழியாக வியாதி வருகிறது என்று தெரிந்து கொண்டது அறிவு. அந்த அறிவைக் கொண்டு வண்டிக்காரனே வியாதி என்று முடிவு செய்வது அறிவீனம். சென்னைக் கோயம்பேடு மார்க்கெட்டில் 2020 ஏப்ரல் கடைசியில் வியாதி பரவிற்று. மே 5-ந் தேதி மார்க்கெட்டை மூடித் திருமழிசைக்கு மாற்றினார்கள். அங்கே வேலை செய்த லோடுமேன்களும் டிரைவர்களும் கூலிகளும் அரியலூர், கடலூர், விழுப்புரம் முதலிய ஜில்லாக்களிலுள்ள சொந்த ஊர்களுக்குப் போனார்கள். வியாதியும் கூடப் போயிற்று. உடனே "கோயம்பேட்டுக்காரன்" என்பது ஒரு வசைச் சொல்லாகி விட்டது.

நாம் கேட்கிறோம்: கோயம்பேட்டில் அவர்கள் ஊர்வலம் பார்க்கவா போனார்கள்? சென்னை நகரத்து மக்கள் காய்கறி இல்லாமல் தவிக்கக் கூடாதென்று தானே, ஊரெல்லாம் கதவைச் சாத்திக் கொண்ட போது, ஆயிரக்கணக்கான பேர் தோளோடு தோள் இடிக்கும் இடத்தில் மூட்டை தூக்கினார்கள்? அவர்கள் கொண்டு வந்த கத்தரிக்காயைத் தின்னலாம். அவர்களை மாத்திரம் தெருவில் விடக்கூடாது. தொடாமை என்பது நமது நாட்டுக்குப் புதிது அல்லவே. உழைப்பை வாங்கிக் கொண்டு உழைத்தவனை எட்டி நில் என்று சொல்லுவது நாம் தலைமுறை தலைமுறையாகப் பழகிய வித்தைதானே. கிருமியின் பேரால் அதைப் புதுப்பித்துக் கொண்டார்கள்.

வெளிநாடுகளில் மாத்திரம் யோக்கியமாய் நடந்தது என்று எண்ணி விடாதீர்கள். ஆப்பிரிக்காவில் கென்யாவுக்கும் உகாண்டாவுக்கும் நடுவிலுள்ள மலாபா எல்லையில், சோதனை முடிவு வரும் வரை லாரிகள் மைல் கணக்கில் நின்றன. டிரைவர்கள் நோய் கொண்டு வருகிறார்கள் என்று ஜனங்கள் அவர்களை வெறுத்தார்கள். 2020 டிசம்பர் 20-ந் தேதி இரவு, இங்கிலாந்தில் புதுவகைக் கிருமி கிளம்பிற்று என்று பிரான்சு தன் எல்லையைச் சாத்திக் கொண்டது. ஆயிரக்கணக்கான லாரி டிரைவர்கள் கிறிஸ்துமஸ் காலத்தில் கெண்ட் ஜில்லாவின் ரோட்டிலும், மான்ஸ்டன் என்ற பழைய விமான மைதானத்திலும் குளிரில் கிடந்தார்கள். போதிய கக்கூஸ் வசதிகூட இல்லை. அவர்களுக்குச் சீக்கிய தர்ம ஸ்தாபனத்தாரும் அக்கம்பக்கத்து ஜனங்களும் சோறு கொண்டு போய்க் கொடுத்தார்கள். சர்க்கார்கள் இரண்டு, சோறு போட்டது ஊர் ஜனங்கள்!

கடலில் கிடந்தவன் கதை இன்னும் மோசம். 2020 கடைசியில் சுமார் 4 லட்சம் கப்பல் தொழிலாளர்கள், ஒப்பந்த காலம் முடிந்தும் இறங்க வழியில்லாமல் கப்பலிலேயே அடைபட்டிருந்தார்கள் என்று சர்வதேசக் கடல் ஸ்தாபனம் கணக்குச் சொல்லிற்று. நமது நாட்டு மாலுமிகள் அதில் ஏராளம். உலகச் சாமான்களில் மிகப் பெரும்பகுதி கப்பலில்தான் போகிறது. சரக்கை இறக்கிக் கொள்ள எல்லாத் துறைமுகமும் தயார். சரக்கைக் கொண்டு வந்த மனிதனை இறக்க எந்தத் துறைமுகமும் தயாரில்லை.

யார் செத்தார்கள்?

கைதட்டினால் போதும் என்று நினைத்தார்கள். மார்ச் 22-ந் தேதி மாலை 5 மணிக்கு நாடு முழுவதும் கை தட்டினார்கள், தட்டை அடித்தார்கள். நன்றி சொல்லுவது நல்ல குணந்தான். அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் தட்டைத் தட்டினால் கிருமி பயந்து ஓடுமா? தட்டில் சோறு விழுமா?

இங்கிலாந்திலே சாவுக் கணக்கைத் தொழில் வாரியாக எடுத்தார்கள். 2020 ஏப்ரல் 20 வரை பதிவான கணக்கின்படி, வேலை செய்யும் வயதுள்ள ஆண்களில் லட்சத்துக்குச் சுமார் 10 பேர் இந்த வியாதியால் செத்தார்கள். பஸ் டிரைவர்களிலோ லட்சத்துக்கு 26 பேர். டாக்ஸி டிரைவர்களில் 36 பேர். அவர்கள் தேகம் தனி மண்ணால் செய்ததா? இல்லை. ஏறுகிற ஒவ்வொருவனும் அவர்கள் முகத்துக்கு நேரே மூச்சு விட்டுவிட்டுப் போனான். லண்டனில் டிரைவர் பக்கத்துக் கதவால் ஏற வேண்டாம், நடுக்கதவால் ஏறுங்கள் என்று உத்தரவு போட ஏப்ரல் 20-ந் தேதி ஆயிற்று. அதற்குள் டிரைவர்கள் பலர் மாண்டு போனார்கள். ஒரு கதவைச் சாத்தி இன்னொரு கதவைத் திறக்க எத்தனை ரூபாய் செலவு, தோழர்களே?

நமது நாட்டில் ரயில்வேயார் ஒரு கணக்குச் சொன்னார்கள். 2021 மே 10 வாக்கில் 1,952 ரயில்வே ஊழியர்கள் இந்த வியாதியால் இறந்ததாகவும், தினம் சுமார் 1,000 பேருக்கு வியாதி காணுவதாகவும் ரயில்வே போர்டுத் தலைவர் கூறினார். அந்த நாட்களில்தான் பிராண வாயு ஏற்றிய விசேஷ ரயில்கள் மாகாணத்துக்கு மாகாணம் ஓடின. 30,000 டன்னுக்கு மேல் பிராண வாயு கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறிக் கிடந்தவனுக்கு வைத்தியர் உயிர் கொடுத்தார் என்றால், அந்த மூச்சை ஏற்றிக் கொண்டு வந்தவன் என்ஜின் டிரைவரும் டாங்கர் லாரி டிரைவரும் ஆவார்கள்.

இவர்களுக்குக் கிடைத்தது என்ன? வைத்தியத் தொழிலாளர்களுக்கு 50 லட்சம் ரூபாய் இன்ஷூரன்ஸ் என்று 2020 மார்ச்சில் மத்திய சர்க்கார் திட்டம் போட்டது. மிகவும் நியாயமான காரியம். அந்தத் திட்டத்தில் லாரி டிரைவர் இல்லை. 2021 ஜனவரி 16-ல் தடுப்பு ஊசி போடத் தொடங்கிய போது வைத்தியத் தொழிலாளர் முதலாகவும், பிறகு போலீசார், பட்டாளத்தார், நகர சுத்தித் தொழிலாளர் முதலியவர்களும் முன் வரிசையில் வைக்கப்பட்டார்கள். லாரி டிரைவருக்கு அந்த வரிசையிலும் இடமில்லை. வேலை வாங்கும் போது அத்தியாவசியமானவன். ஊசி போடும் போது வழிப்போக்கன்.

சக்கரம் நின்றால் நிற்பது எது?

நிற்க, பொருளாதாரத்துக்கு வருவோம். பொருளாதாரம் என்றால் ஏதோ டில்லியிலும் பம்பாயிலும் பெரிய கட்டடங்களில் இருக்கிற வஸ்து என்று நினைக்கிறார்கள். ஒருவன் செய்த பொருள் இன்னொருவன் கைக்குப் போவதுதான் பொருளாதாரம். போகாவிட்டால் தக்காளி தோட்டத்தில் அழுகும். பட்டணத்தில் அதே தக்காளி விலை ஏறும். விளைவித்தவனுக்கும் நஷ்டம், தின்பவனுக்கும் நஷ்டம். ஒரு லாரி நின்றால் டிரைவரும் கிளீனரும் மாத்திரமா நிற்கிறார்கள்? லோடு ஏற்றுகிறவன், புக்கிங் ஆபீஸ் குமாஸ்தா, டயர் கடைக்காரன், பாடி கட்டும் பட்டறைத் தச்சன், ரோட்டோரத்து டீக்கடைக்காரன், அவன் கடைக்குப் பால் ஊற்றுகிற கிழவி, எல்லோரும் அல்லவா நிற்கிறார்கள்?

சர்க்கார் கணக்கே இதைச் சொல்லுகிறது. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் மொத்த உற்பத்தி, முந்திய வருஷம் அதே மாதங்களில் இருந்ததைவிட நூற்றுக்கு 23.9 குறைந்தது என்று முதல் மதிப்பீடு வெளிவந்தது. வியாபாரம், ஓட்டல், போக்குவரத்து, தபால் தந்தி இனங்கள் சேர்ந்த பகுதி மாத்திரம் நூற்றுக்கு 47 விழுந்தது. விவசாயம் ஒன்றுதான் நூற்றுக்கு 3.4 ஏறிற்று. அதாவது உழுதவன் உழுது கொண்டே இருந்தான். விளைந்ததை எடுத்துப் போகும் ஏற்பாடுதான் பாதியாய்ப் போயிற்று.

கடன் விஷயத்தைக் கேளுங்கள். சொந்தமாக ஒரு லாரியோ, வாடகைக் காரோ, ஆட்டோவோ வைத்திருப்பவன் பெரும்பாலும் கடனில் வாங்கினவன். மார்ச் 27-ந் தேதி ரிசர்வ் பாங்கி, தவணை கட்டுவதை மூன்று மாதம் தள்ளி வைக்கலாம் என்றது. பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் தவணை நின்றதே ஒழிய வட்டி நிற்கவில்லை. கிருமிக்குப் பயந்து ரயில் நின்றது, பஸ் நின்றது, பள்ளிக்கூடம் நின்றது, கோவிலும்கூடக் கதவைச் சாத்திக் கொண்டது. வட்டி ஒன்று மாத்திரம் முகமூடிகூட இல்லாமல் இரவு பகலாய் நடந்து கொண்டிருந்தது. வட்டிக்கு வட்டி போட்டதைச் சிறு கடன்காரர்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் அக்டோபரில்தான் வந்தது; அசல் வட்டி ஓட்டாத வண்டிக்காரன் தலையிலேயே நின்றது.

வண்டி இல்லாததால் நடந்து போன மக்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ரயிலும் பஸ்ஸும் இல்லாமல், குழந்தைகளைத் தோளில் வைத்துக் கொண்டு நூற்றுக்கணக்கான மைல் நடந்தார்கள். மே 8-ந் தேதி விடியற்காலம், ஔரங்காபாத் அருகே களைத்துப் போய்த் தண்டவாளத்திலேயே தூங்கிய 16 தொழிலாளர்கள் மீது கூட்ஸ் வண்டி ஏறிற்று. மே 1-ந் தேதி முதலே தொழிலாளர் விசேஷ ரயில்கள் ஓடத் தொடங்கியிருந்தன. ஆகஸ்ட் முடிய 4,621 ரயில்களில் 63 லட்சம் பேர் போனார்கள். அவ்வளவு ரயில்களை ஓட்ட முடியும் என்றால், அவர்கள் நடக்கத் தொடங்கு முன்பே ஓட்ட ஏன் முடியவில்லை? செப்டம்பரில் பார்லிமெண்டிலே, ஊரடங்கில் செத்த வெளியூர்த் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, கணக்கு இல்லை என்று சர்க்கார் பதில் சொல்லிற்று. கணக்கு இல்லாததால் நஷ்ட ஈடு என்ற பேச்சும் எழவில்லை. செத்தவனை எண்ணாமல் விடுவதும் ஒருவகைச் சிக்கனம் போலிருக்கிறது.

சிலர் சொல்லும் சமாதானம்

"தொழிலாளியே ஜாக்கிரதையாய் இருப்பதில்லை, ஜுரத்தை மறைத்துக் கொண்டு வண்டி ஏறுகிறான்" என்று சிலர் சொல்லுகிறார்கள். ஏன் மறைக்கிறான் என்று கேட்டார்களா? ஜுரம் என்று சொன்னால் அன்றைய கூலி போச்சு, பேட்டா போச்சு, அடுத்த நாள் சாவி வேறொருவன் கைக்குப் போச்சு. உண்மையைச் சொன்னால் பட்டினி, மறைத்தால் சோறு என்று ஏற்பாடு செய்து வைத்து விட்டு, உண்மை பேசு என்று உபதேசம் செய்தால் யார் கேட்பார்கள்? படுத்திருக்கிற நாட்களுக்கும் சம்பளம் உண்டு என்று சொல்லிப் பாருங்கள். ஜுரம் வந்தவன் தானே வந்து சொல்லுவான். அதனால் லாபம் அவனுக்கு மாத்திரமா? அவன் வண்டியில் ஏறும் 50 பேருக்கும் அல்லவா? டிரைவருக்குக் கொடுக்கும் வியாதிக்காலச் சம்பளம் தர்மம் அல்ல. ஊருக்குப் போடும் தடுப்பு ஊசி அது.

"இதற்கெல்லாம் பணம் ஏது?" என்பார்கள். மூன்று மாதத்தில் பாதியளவு வியாபாரம் விழுந்து போனதே, அந்த நஷ்டத்தைத் தாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? வரும் முன் காப்பதற்கு இல்லாத பணம் வந்த பின் அழுவதற்கு மாத்திரம் எப்படி வருகிறது?

தொழிலாளித் தோழர்களே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. புது வண்டி எடுத்தால் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறீர்கள். கற்பூரம் காட்டுகிறீர்கள். பூசணிக்காய் உடைக்கிறீர்கள். இந்த எலுமிச்சம்பழம் 2020-ல் ஒரு தவணையாவது கட்டிற்றா? ஒரு டிரைவர் பெண்சாதிக்கு ஒரு படி அரிசி கொண்டு வந்து போட்டதா? அந்தக் காசைச் சங்கத்தில் போட்டு, வியாதிக்கால நிதி ஒன்று வைத்திருந்தால் அது உங்கள் அடுப்பை எரித்திருக்கும். எல்லாம் தலையெழுத்து என்று நீங்கள் சொல்லுகிற வரை முதலாளிக்கும் கவலை இல்லை, சர்க்காருக்கும் கவலை இல்லை. தலையெழுத்தின் மேல் கேஸ் போட முடியாது. மனிதன் போட்ட விதியை மனிதன் மாற்றலாம்.

ஆகவே நாம் கேட்பது இவைதான். வியாதிப்பட்ட நாளுக்கும், தனித்திருக்கச் சொன்ன நாளுக்கும் சம்பளம் வேண்டும். தொத்து வியாதிக் காலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னால் கடன் தவணையோடு வட்டியும் நிற்க வேண்டும். பெரிய ரோட்டுகளில் டிரைவர் குளிக்கவும், சாப்பிடவும், படுக்கவும், வைத்தியரைப் பார்க்கவும் இடம் வேண்டும். வியாதி இல்லாத காலத்திலும் வேண்டும். ஊசியிலும் இன்ஷூரன்ஸிலும் வண்டித் தொழிலாளி முன் வரிசையில் இருக்க வேண்டும். தொழில் வாரியாகச் சாவுக் கணக்கு எடுத்து வெளியிட வேண்டும். ஊரை நிறுத்து முன் ஊருக்குப் போக வேண்டியவனைக் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். இவற்றில் எது ஆகாயக் கோட்டை என்று யாராவது சொல்லட்டும்.

கொள்ளை நோய் இனி வராது என்று யாரும் ஜாமீன் கொடுக்க முடியாது. 1896-ல் வந்தது, 1918-ல் வந்தது, 2020-ல் வந்தது, இன்னும் வரும். அடுத்த முறை வரும்போது, ஊரெல்லாம் கதவைச் சாத்திய பின்னும் யாரோ ஒருவன் வண்டியை எடுத்தே ஆக வேண்டும். அவனுக்குக் கை தட்டப் போகிறோமா, அல்லது அவன் கூலிக்கும் உயிருக்கும் இன்றே வழி செய்யப் போகிறோமா என்பதை நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் சங்கத்திலும், ஊரிலும், ஓட்டுக் கேட்டு வருகிறவனிடத்திலும் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக் கொள்ளுகிறோம்.